யமுனைக் கரையில் ஒரு பகல்

தில்லி மாநகரைக் காண வருவோர் செங்கோட்டையின் மேற்கு வாயிலாகிய லாகூர் வாயிலின் வழியே உள்ளே செல்கின்றனர். கடைவீதியை நோக்கி நிற்கும் அவ்வாயிலே கோட்டையின் முகம் என்று எண்ணித் திரும்புகின்றனர். ஆயின் ஷாஜஹான் மன்னர் தம் மாளிகைகளை வரிசையாக எழுப்பியது கிழக்கு மதிலின்மீது. அம்மதிலின் அடியிலேதான் அன்று யமுனை ஓடிக்கொண்டிருந்தது. மன்னர் நோக்கியது ஆற்றை. குடிமக்கள் மன்னரை நோக்கியதும் ஆற்று மணலில் நின்றுதான். இன்று அம்மதிலின் கீழ்ப் பெருஞ்சாலை ஒன்று செல்கிறது. ஆறு அதற்கும் அப்பால் ஒதுங்கியிருக்கிறது. ஆற்றை நோக்கி எழுந்த நகரம் அதற்குப் புறங்காட்டி நிற்கலானது எவ்வாறு? இவ்வினாவுக்கு வரலாற்று ஏடுகளில் விடை உண்டு. எனினும், ஒரு பகல் முழுவதும் கரையோரமாகத் தனியே நடப்பவருக்கு அவ்விடை இன்னும் தெளிவாகப் புலப்படும்.

வடக்கே வஜீராபாத்திலிருந்து தெற்கே ஓக்லா வரை தில்லி நகரை ஒட்டி யமுனை செல்லும் தொலைவு ஏறத்தாழ 22 கிலோமீட்டர். குளிர்காலத்தில் வைகறையிலே புறப்பட்டால் பொழுது சாய்வதற்குள் நடந்துவிடலாம். ஒரே சீரான பாதை கிடையாது. ஓரிடத்தில் கரைமேடு, ஓரிடத்தில் படித்துறை, மற்றோரிடத்தில் சாலையின் ஓரம். அலுவலகத்திலே அன்றாடம் சொற்களோடு மல்லாடும் மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு, விடுமுறை நாளில் இந்நடை உவப்பானது. துணையின்றிச் சென்றால் நிற்க விரும்பும் இடத்தில் நிற்கலாம். எண்ண விரும்புவதை எண்ணலாம்.

வஜீராபாத்தில் 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கற்பாலம் ஒன்றும், அதனருகே ஒரு மசூதியும் ஷா ஆலம் என்னும் பெரியாரின் கல்லறையும் உள்ளன. துக்ளக் காலத்துக் கட்டடங்கள் அவை. அவற்றுக்கு அண்மையில் 1959-ஆம் ஆண்டில் எழுந்த அணை இருக்கிறது. தலைநகரின் குடிநீரில் ஒரு பங்கு இங்கு தேங்கும் நீரிலிருந்தே எடுக்கப்படுகிறது. அணையைக் கடந்ததும் நஜாப்கர் வாய்க்கால் கரிய நீரோடு வந்து ஆற்றில் கலக்கிறது. இவ்வாய்க்காலும் ஒருகாலத்தில் ஆறாகவே இருந்தது; ராஜஸ்தானத்து மலைகளில் பிறந்து வரும் சாகிபி நதியின் கடைக்கூறு இது. நகரின் கழிவு இதனுள் விடப்பட்டபின் நதி என்ற பெயர் மறைந்தது.

இவ்விடத்தில் நேர்ந்த ஒரு துயர நிகழ்ச்சியை நேயர்கள் அறிந்திருத்தல் நன்று. 1955-ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப்பின் ஆறு சற்றே தடம் மாறியது. அதனால் வாய்க்காலின் கழிவுநீர், குடிநீர் எடுக்கும் துறைவரை எதிரேறி வந்தது. அவ்வாண்டு டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் தில்லியில் மஞ்சட்காமாலை பரவியது. ஏறத்தாழ 29,000 பேர் அந்நோய்க்கு ஆளாயினர். நீரில் கலந்த குளோரின் நச்சுயிர்களுள் பாக்டீரியாக்களை அழித்தது. ஆதலால் குடற்காய்ச்சல் பெருகவில்லை. ஆயின் காமாலை தரும் வைரஸ் அதற்கு அடங்கவில்லை. அந்நோயாளிகளிடமிருந்து எடுத்துப் பாதுகாக்கப்பட்ட குருதிநீரைப் பிற்காலத்தில் ஆராய்ந்தபோதுதான், அது அதுவரை தனித்து அறியப்படாத ஒருவகைக் காமாலை என்பது தெரியவந்தது. இன்று மருத்துவர்கள் அதனை ‘ஹெபடைடிஸ் ஈ’ என்பர். ஆறு சில முழம் நகர்ந்தாலும் நகரத்தின் உயிர் ஊசலாடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

வெயில் ஏறும் வேளையில் நிகம்போத் படித்துறையை அடையலாம். நகரத்தின் பழைய சுடுகாடு இங்குள்ளது. குளிர்காலத்தில் வட நாடுகளிலிருந்து வரும் கடற்காக்கைகள் வெண்மையாய்த் திரண்டு நீரின்மேல் வட்டமிடுகின்றன. அடுத்துத் தோன்றுவது பழைய இரும்புப் பாலம். மேலே இருப்புப் பாதையும் கீழே சாலையுமாக 1866-ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் ‘யமுனை அபாய அளவைக் கடந்தது’ என்று நாம் கேட்கும் செய்தி இப்பாலத்திலுள்ள அளவுகோலைக் கொண்டு சொல்லப்படுவதே. அபாய அளவு 205.33 மீட்டர்.

இரும்புப் பாலம் எழுவதற்குமுன் இங்கே படகுகளைப் பிணைத்து அமைத்த மிதவைப் பாலம் இருந்தது. 1857-ஆம் ஆண்டு மே 11-ஆம் நாள் காலையில், மீரட்டிலிருந்து புறப்பட்ட சிப்பாய்கள் அப்படகுப் பாலத்தின் வழியாகவே யமுனையைக் கடந்தனர். கடந்தவர்கள் அரண்மனைச் சாளரத்தின் கீழ் நின்று முதிய மன்னர் பகதூர் ஷாவை அழைத்தனர். பாரத நாட்டின் வரலாற்றில் பெருந்திருப்பமாகிய அந்நிகழ்ச்சி கோட்டையின் ஆற்றுப் பக்கத்தில் தொடங்கியது என்பதை இங்கு நடப்பவர் எளிதில் உணர்வர்.

பாலத்தின் அருகே சலீம்கட் கோட்டை நிற்கிறது. ஷேர் ஷாவின் மகன் இஸ்லாம் ஷா 1546-இல் கட்டியது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்து வீரர்கள் 1945-இல் இங்கே சிறைவைக்கப்பட்டனர். இதனை ஒட்டியே ஷாஜஹானின் செங்கோட்டை. 1639-இல் கால்கொண்டு 1648-இல் முற்றுப்பெற்ற அக்கோட்டைக்கு ஆற்றுப் பக்கம் ஒரு வாயில் உண்டு. நீர்நிலைகளின் காவலராகக் கருதப்படும் கிஸ்ர் என்னும் பெரியாரின் பெயரால் அதனைக் கிஸ்ரி வாயில் என்றனர். மதிலின்மீது எண்கோண வடிவில் அமைந்த மாடத்தில் மன்னர் காட்சி தருவதும், கீழே மணலில் யானைப் போர் நிகழ்வதும் வழக்கம். 1911-ஆம் ஆண்டு டிசம்பரில், தில்லியைத் தலைநகராக அறிவித்த மறுநாள், ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அரசியும் மணிமுடி தரித்து அமர்ந்து மக்களுக்குக் காட்சி தந்ததும் இப்பக்கத்திலேதான். பேரரசு மாறியபோதும் ஆற்றை நோக்கிய அந்த முகம் மாறவில்லை.

பின்பு மாறியது ஆறு. மணற்பாங்கான நிலத்தில் ஓடும் ஆறுகள் இடம் பெயர்வது இயல்பு. யமுனை கிழக்கே ஒதுங்க ஒதுங்க, அது விட்டுச்சென்ற படுகையைக் காலியிடம் என நகரம் கருதிற்று. அதன்மேல் சாலை வந்தது, மின் நிலையம் வந்தது, குடியிருப்புகளும் வந்தன. வெள்ளத்தைத் தடுக்க இருமருங்கும் மண்கரை எழுப்பினர். இக்கரைக்குத் தில்லி மக்கள் வழங்கும் பெயர் ‘புஷ்தா’. பாரசீகத்தில் ‘புஷ்த்’ என்றால் முதுகு; முட்டுக் கொடுத்துத் தாங்கும் மேட்டுக்கு அச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. நகரம் ஆற்றுக்கு முதுகு காட்டி நிற்கும் இடத்துக்கு இதனினும் பொருத்தமான சொல்லை மொழிபெயர்ப்பாளர் எவரும் ஆக்கித் தர இயலாது.

உச்சிவேளையில் ராஜ்காட்டின் மரநிழல் இதமாக இருக்கும். 1948-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் நாள் காந்தியடிகளின் பூதவுடல் எரியூட்டப்பட்ட இடத்தில் கருஞ்சலவைக்கல் மேடை அமைந்துள்ளது. ‘காட்’ என்றால் படித்துறை. இன்று இங்கே வருவோர் படித்துறையையும் காண்பதில்லை, நீரையும் காண்பதில்லை. இன்னும் தெற்கே நடந்தால், ஹுமாயூன் தொடங்கிய பழைய கோட்டையும், 16-ஆம் நூற்றாண்டிலே அவருக்கு எழுப்பிய கல்லறை மாளிகையும் மேற்கே உள்ளன. அவ்விரண்டும் ஆற்றங்கரையை நாடி அமைக்கப்பட்டவை என்று சொன்னால், இன்று வியப்போடுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

ஆறு அவ்விடங்களை மறந்துவிட்டதோ என்றால், இல்லை. 2023-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் இரும்புப் பாலத்து அளவுகோல் 208.66 மீட்டர் காட்டியது. 1978-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தின் 207.49 மீட்டரையும் அது விஞ்சியது. செங்கோட்டை மதிலின் அடியிலே மீண்டும் நீர் நின்றது. ராஜ்காட்டிலும் வெள்ளம் புகுந்தது. நீரேற்று நிலையங்களுள் வெள்ளம் சென்றதால், நீர் சூழ்ந்த நகரத்திலே குடிநீர் முடங்கிற்று. இதில் ஆராயத்தக்க செய்தி ஒன்று உண்டு. 2013-இல் ஹரியானாவிலுள்ள ஹத்னிகுண்ட் அணையிலிருந்து விநாடிக்கு எட்டு லட்சம் கன அடி நீர் வந்தபோது தில்லியில் மட்டம் 207.32 மீட்டரே. 2023-இல் வந்தது அதிற் பாதிக்கும் குறைவு. மட்டமோ ஒரு மீட்டருக்கும் மேல் அதிகம். அணைக்குக் கீழே பெய்த பெருமழையும், தில்லி வருமானவரி அலுவலகத்தை அடுத்த தடுப்பணையில் திறக்க இயலாது நின்ற கதவுகளும் காரணமாகக் கூறப்பட்டன. இவற்றோடு வண்டல் மேடிட்டதும், வெள்ளம் பரவுவதற்குரிய இடம் குறுகியதும் சேர்ந்தன. வெள்ளச் சமவெளியில் கட்டடம் எழுப்பலாகாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இலேயே ஆணையிட்டிருந்தது. ஆணை ஏட்டில் இருந்தது; ஆறு நேரில் வந்து எல்லையைக் காட்டிற்று.

பொழுது சாயும்போது ஓக்லாவை அடைகிறோம். ஆக்ரா கால்வாய்க்கு நீரைத் திருப்ப 1874-இல் இங்கே தடுப்பணை கட்டினர். இன்று அணையிலிருந்து விழும் நீர், சோப்பு முதலியவற்றின் கழிவினால் நுரைத்துப் பனிக்குன்று போல மிதக்கிறது. 1,376 கிலோமீட்டர் நீளமுள்ள யமுனையில் இந்த 22 கிலோமீட்டர் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. ஆனால் ஆற்றின் மாசில் முக்காற் பங்குக்கு மேல் இத்தொலைவிலேயே சேர்கிறது. எனினும் அணைக்கு மேற்புறம் நாணற்புதர்களில் நீர்ப்பறவைகள் வந்து தங்குகின்றன. அவற்றைக் காணும்போது ஆறு இன்னும் உயிரோடிருக்கிறது என்ற நம்பிக்கை பிறக்கிறது.

தில்லியில் வாழும் நம்மவர் பலர் யமுனையின் நீரை நாள்தோறும் பருகுகின்றனர். யமுனையை ஓடும் இரயிலின் சாளரத்திலிருந்து மட்டுமே பார்த்திருக்கின்றனர். மதில்களையும் மாடங்களையும் பழம்பொருட் சின்னங்களாகப் போற்றிக் காக்கும் அரசும் மக்களும், அவை எந்த ஆற்றை நோக்கி எழுந்தனவோ அவ்வாற்றின் படுகையையும் அதே மதிப்புடன் காக்க வேண்டும். அதற்கு முதற்படி, கரை எது, படுகை எது என்று நகர மக்கள் தாமே அறிந்துகொள்வது. மேற்கு வாயிலில் நுழைந்து திரும்பும் அன்பர்கள், அடுத்த முறை ஒரு பகலை ஒதுக்கிக் கிழக்கு மதிலின் பக்கமும் நடந்து பார்ப்பார்களாக.