யோசெமிட்டி: கண்ணாடித் தகடும் கடன் பாக்கியும்

ஆப்பிள் கம்பெனி 2014-ல் தன் கம்ப்யூட்டர் மென்பொருளுக்கு யோசெமிட்டி என்று பெயர் வைத்தது. அடுத்த வருடம் எல் கேபிடன், அதற்கடுத்த வருடம் சியரா. மூன்றுமே கலிபோர்னியாவின் ஒரே மலைப்பக்கத்துப் பெயர்கள்தான். ஆகாயம் வரைக்கும் போகும் பாறை, அதன் காலடியில் கரும்பச்சையாகப் பைன் மரங்கள்... அந்த வால்பேப்பர் படத்தை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். (எங்கள் கல்லூரி லேபில் இருப்பது விண்டோஸ். ஆனாலும் யாரோ ஒருவர் அதே படத்தைத்தான் போட்டு வைத்திருக்கிறார்!)

இந்த இடத்தை உலகத்துக்கே பெரிய அளவில் தெரிய வைத்த புகைப்படக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் கார்ல்டன் வாட்கின்ஸ். அவர் எடுத்த மலைப்படங்கள் ஒரு சட்டம் வருவதற்கே உதவின. ஆனால் அதே படங்களைக் கடன்காரர்கள் எடுத்துக்கொண்டு போனபோது அவரைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் இல்லை. வணிகச் சட்டம் படிக்கிற எனக்கு முதல் பாதியைவிட இந்த இரண்டாவது பாதிதான் மனதில் நின்றது. ஆனால் முதல் பாதி தெரியாமல் இரண்டாவது புரியாது. அதனால் வரிசையாகவே சொல்கிறேன்.

வாட்கின்ஸ் 1829-ல் நியூயார்க் மாநிலத்தில் ஓனியோன்டா என்ற சின்ன ஊரில் பிறந்தவர். கலிபோர்னியாவில் தங்கம் கிடைக்கிறது என்று ஊரே கிளம்பிய காலத்தில் அவரும் கிளம்பினார். அதே ஊரோடு தொடர்புள்ள காலிஸ் ஹண்டிங்டன் என்ற நண்பரும் மேற்கே போனார். ஹண்டிங்டன் பின்னாளில் ரயில்வே முதலாளி, பெரும் கோடீஸ்வரர். வாட்கின்ஸ் கேமரா பிடித்தார். இரண்டு பேரின் ஐந்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று கடைசியில் தெரியும்.

ஆரம்பத்தில் அவர் எடுத்தது அழகுக்கான படங்கள் இல்லை. நிலத்தகராறு, சுரங்கத்தகராறு வழக்குகளில் கோர்ட்டுக்குச் சாட்சியமாகக் காட்டப் படம் எடுத்துக் கொடுத்தார். 1860-ல் ஜான் ஃப்ரீமான்ட் என்பவருடைய மரிப்போசா எஸ்டேட்டைப் படம் எடுத்தார். ஐரோப்பாவில் பணம் போடுகிறவர்களுக்குக் காட்டி முதலீடு திரட்டத்தான் அந்தப் படங்கள். அதாவது, இன்றைக்குக் கம்பெனிகள் பங்கு வெளியிடும்போது ஒரு விவரப் புத்தகம் போடுகின்றனவே, ஏறக்குறைய அந்த வேலை. மரிப்போசாவிலிருந்து யோசெமிட்டி பக்கம்தான்.

யோசெமிட்டியை முதலில் படம் எடுத்தவர் இவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1859-லேயே சார்லஸ் வீட் என்பவர் போய் எடுத்துவிட்டார். வாட்கின்ஸ் போனது 1861-ல். ஆனால் அவர் கொண்டுபோன கேமராதான் வேறு ரகம். அதற்குள் போடும் கண்ணாடித் தகடு 18 அங்குலத்துக்கு 22 அங்குலம்! நம் வீட்டு ஜன்னல் கதவில் ஒரு கண்ணாடி அளவு இருக்கும்.

ஏன் இவ்வளவு பெரிய கண்ணாடி? அந்தக் காலத்தில் பெரிதாக்கிப் பிரிண்ட் போடுவது நடைமுறையில் சுலபமில்லை. நெகட்டிவ் எந்த அளவோ, அதைக் காகிதத்தின் மேல் அப்படியே வைத்து வெயிலில் காட்டினால் அதே அளவுக்குத்தான் பிரிண்ட். மூவாயிரம் அடி உயரப் பாறையை உள்ளங்கை அளவு படத்தில் காட்டினால் யாருக்கு மலைப்பு வரும்? பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய கண்ணாடியைச் சுமக்க வேண்டியதுதான். பள்ளத்தாக்குக்குள் 1874 வரைக்கும் வண்டிப் பாதையே கிடையாது. கேமரா, கண்ணாடித் தகடுகள், ரசாயன பாட்டில்கள், இருட்டுக் கூடாரம் எல்லாம் கோவேறு கழுதைகளின் முதுகில்தான் மலை ஏறின. மொத்தச் சுமை ஏறக்குறைய ஒரு டன் என்று சொல்கிறார்கள்.

போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது. நாம் இன்றைக்குச் செல்போனை நீட்டி ஒரு தட்டுத் தட்டுகிறோம். அன்றைக்குக் கூடாரத்து இருட்டில் உட்கார்ந்து, கண்ணாடியின் மேல் கொலோடியன் என்ற பசை போன்ற திரவத்தை ஒரே சீராக ஊற்ற வேண்டும். அதை சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் ஓடிப்போய்க் கேமராவில் செருகிப் படம் எடுத்து, மறுபடி கூடாரத்துக்கு ஓடிவந்து கழுவ வேண்டும். காய்ந்துவிட்டால் தகடு வீண். தூசி ஒட்டினாலும் வீண்.

இதில் பைன் காடு ஒரு தனித் தலைவலி. கொலோடியன் தகட்டுக்கு நீல ஒளிதான் நன்றாகத் தெரியும், பச்சை சரியாகத் தெரியாது. வானம் நீலம் என்பதால் வெள்ளைக் காகிதம் மாதிரி வெளுத்துவிடும். கரும்பச்சை ஊசி இலைகளோ மை கொட்டியது போல ஆகிவிடும். மரம் தெரியட்டும் என்று அதிக நேரம் திறந்து வைத்தால் பாறை வெளுத்துப்போகும், பாறைக்காகக் குறைத்தால் மரம் கறுத்துப்போகும். அதோடு, நிமிடக் கணக்கில் திறந்து வைக்கும்போது கொஞ்சம் காற்று அடித்தால் போதும், கிளையெல்லாம் புகை மாதிரி கலங்கிவிடும். வாட்கின்ஸ் படங்களில் அருவி பஞ்சுப்பொதி மாதிரி இருக்கும், தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததால். ஆனால் பைன் ஊசிகள் கூர்மையாக இருக்கும். காற்று அசையாத நேரத்துக்காக எத்தனை மணி நேரம் காத்திருந்தாரோ!

அவர் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது 1866 வாக்கில் எடுத்த ஒன்று. பள்ளத்தாக்கு முழுவதும் தெரியும் ஒரு மேட்டிலிருந்து எடுத்தது. எல்லோரும் மறைக்கிறது என்று ஒதுங்கி நிற்கும் ஒரு நெடுமரத்தை அவர் படத்தின் முன்னாலேயே நிற்க விட்டுவிட்டார். அந்த மரம் இருப்பதால்தான் பின்னால் இருக்கிற ஆழம் நமக்கு உறைக்கிறது. இணையத்தில் தேடிப் பாருங்கள்.

1861-ல் அவர் 30 பெரிய தகடுகளும், இரட்டைப் படங்கள் சுமார் நூறும் எடுத்துக்கொண்டு திரும்பினார். 1862 டிசம்பரில் அந்தப் படங்கள் நியூயார்க்கில் ஒரு கலைக்கூடத்தில் வைக்கப்பட்டன. அது உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்த நேரம். போர்க்களப் பிணங்களின் படங்களைப் பார்த்த நகரம், மனித வாடையே இல்லாத மலையைப் பார்த்தது.

1864 பிப்ரவரியில் இஸ்ரேல் ரேமண்ட் என்பவர் ஜான் கானெஸ் என்ற கலிபோர்னியா செனட்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பள்ளத்தாக்கைத் தனியாருக்கு விடாமல் காக்க வேண்டும் என்று கேட்டு, கூடவே வாட்கின்ஸ் படங்களையும் அனுப்பினார். கானெஸ் மசோதா கொண்டுவந்தார். 1864 ஜூன் 30 அன்று லிங்கன் கையெழுத்துப் போட்டார். யோசெமிட்டி பள்ளத்தாக்கும் மரிப்போசாவின் ராட்சத மரத்தோப்பும் பொதுமக்களுக்காக, என்றைக்கும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையுடன் கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

லிங்கன் இந்தப் படங்களைப் பார்த்து உருகிக் கையெழுத்துப் போட்டார் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. ஆதாரம் இருப்பது ரேமண்ட் கடிதத்துக்குத்தான். அந்த ரேமண்ட் யார் தெரியுமா? ஒரு கப்பல் கம்பெனியின் கலிபோர்னியா பிரதிநிதி! சுற்றுலாப் பயணிகள் வந்தால் கப்பலுக்கும் டிக்கெட் விற்கும். இதைச் சொல்வதால் நான் அவரைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். நல்ல காரியத்தில் லாபமும் இருந்தால் காரியம் சீக்கிரம் நடக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் மனித வாடையே இல்லாத மலை என்று சொன்னேனே, அந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அங்கே அவாநீச்சி என்ற பழங்குடி மக்கள் காலம் காலமாக வாழ்ந்திருந்தார்கள். 1851-ல், அதாவது வாட்கின்ஸ் வருவதற்குப் பத்தே வருடம் முன்னால், மரிப்போசா பட்டாளம் உள்ளே புகுந்து அவர்களுடைய குடிசைகளையும் சேமித்து வைத்த உணவையும் கொளுத்தியது. தெனாயா என்ற தலைவரோடு அவர்களை விரட்டியது. பலர் திரும்பி வந்தார்கள் என்றாலும் பழைய வாழ்க்கை திரும்பவில்லை.

1861 படங்களில் பள்ளத்தாக்கின் தரை அழகான புல்வெளியாக, ஆங்காங்கே மரங்களோடு பூங்கா மாதிரி இருக்கும். இயற்கை என்று எல்லோரும் வியந்த அந்த அமைப்பு, அந்த மக்கள் வருடாவருடம் அளவாகத் தீ வைத்துப் பராமரித்தது. ஓக் மரத்துக் கொட்டைகள்தான் அவர்களுக்கு முக்கிய உணவு, அதற்காக நிலத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். அவர்கள் போனார்கள், தீ வைப்பதும் தடை செய்யப்பட்டது. பைனும் சீடரும் புல்வெளிக்குள் நெருக்கியடித்து வளர்ந்தன. 1960-களில் ஆய்வாளர்கள் பழைய புகைப்படங்களை எடுத்துக்கொண்டு அதே இடங்களில் நின்று ஒப்பிட்டபோது இந்த மாற்றம் அப்பட்டமாகத் தெரிந்தது. படத்தில் அந்த மக்கள் இல்லை, அவர்கள் செய்த வேலை மட்டும் இருக்கிறது.

இன்னொரு உறுத்தலும் உண்டு. 1863-ல் இதே வாட்கின்ஸ் மென்டொசினோ கடற்கரைக்குப் போய் மர அறுவை மில்களைப் படம் எடுத்தார். பிறகு மலையைத் தண்ணீர் பீய்ச்சிக் கரைக்கும் தங்கச் சுரங்கத்தையும் எடுத்தார். அதே கேமரா, அதே நேர்த்தி. காட்டைக் காக்க நினைப்பவருக்கும் வெட்டுபவருக்கும் ஒரே ஆள் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அவரைப் போராளி என்று கொண்டாடும் கட்டுரைகள் இதைத் தாண்டிப் போய்விடுகின்றன. அவர் தொழில்காரர், ஆர்டர் கொடுத்தவருக்கு வேலை செய்தார்.

சரி, அந்தத் தொழில் எப்படி நடந்தது? மோசமாகத்தான். அமெரிக்காவில் புகைப்படத்துக்குக் காப்புரிமை வந்ததே 1865-ல். 1861 படங்கள் அதற்கு முந்தியவை. நியூயார்க்கில் அவற்றைத் திருட்டுப் பிரதி போட்டு விற்றார்கள், இவருக்கு ஒரு காசும் வரவில்லை. 1867-ல் சுதாரித்துக்கொண்டு படங்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தார். அதே வருடம் பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோவில் யோசெமிட்டி கலைக்கூடம் என்று பெரிதாகக் கடை போட்டார். வாடகை, அலங்காரம், கடன். 1873-ல் நாடெங்கும் பொருளாதாரச் சரிவு. 1875 ஆகஸ்டில் பாங்க் ஆஃப் கலிபோர்னியா கதவைச் சாத்தியது. 1875-76 வாக்கில் வாட்கின்ஸின் கடை, அதிலிருந்த கண்ணாடி நெகட்டிவ்கள் எல்லாமே ஜான் குக் என்ற கடன்காரரிடமும் ஐசையா டேபர் என்ற போட்டிப் புகைப்படக்காரரிடமும் போய்ச் சேர்ந்தன.

டேபர் அந்த நெகட்டிவ்களிலிருந்து பிரிண்ட் போட்டு விற்றார். கீழே போட்ட பெயர்: டேபர்.

கணக்குப் பதிவியல் கண்ணோடு பார்த்தால் இதில் தப்பே இல்லை. நெகட்டிவ் ஒரு சொத்து. கடனுக்கு ஈடாகச் சொத்து கைமாறியது. புது முதலாளி அதைப் பயன்படுத்துகிறார். ஒரு தறியையோ வண்டியையோ வாங்கினால் பழைய முதலாளி பெயரையா எழுதி வைப்போம்? ஆனால் தறி நெய்த துணியில் ஒரு ஆளின் பார்வை இருக்காது, இதில் இருக்கிறது. நம் நாட்டு 1957-ம் வருடக் காப்புரிமைச் சட்டத்தில் 57-வது பிரிவு இதற்காகவே இருக்கிறது. உரிமையை முழுசாக விற்றுவிட்ட பிறகும், இது நான் படைத்தது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை மட்டும் படைத்தவரிடமே தங்கும். பரீட்சைக்காக இதை மனப்பாடம் செய்தபோது, யாருக்கு இது தேவைப்படும் என்று தோன்றும். வாட்கின்ஸுக்குத் தேவைப்பட்டது!

அடுத்து அவர் செய்த காரியம்தான் ஆச்சரியம். ஐம்பது வயதை நெருங்கும்போது மறுபடி கேமராவைத் தூக்கிக்கொண்டு அதே மலைகளுக்குப் போனார். முன்பு நின்ற இடங்கள் பலவற்றில் மறுபடி நின்று எடுத்து, புதிய வரிசை என்று பெயரிட்டு விற்றார். தன் படங்களுக்குத் தானே போட்டி! ஆனால் டேபருக்குச் செலவு காகிதம் மட்டும்தான், இவருக்கோ கழுதையிலிருந்து கண்ணாடி வரை எல்லாமே புதுச் செலவு.

1890-களில் பார்வை மங்கியது. வாடகை கொடுக்க முடியாமல் மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஒரு பழைய ரயில் பெட்டியில் குடியிருந்தார். ஹண்டிங்டன் பழைய நட்பை நினைத்து ஒரு பண்ணை நிலம் எழுதிக் கொடுத்தார். 1906 ஏப்ரல் 18 அன்று சான் பிரான்சிஸ்கோவில் பூகம்பம். தொடர்ந்து வந்த தீயில் வாட்கின்ஸின் ஸ்டூடியோ சாம்பலானது, மிச்சமிருந்த நெகட்டிவ்களும் போயின. அதே தீயில் டேபரின் ஸ்டூடியோவும் எரிந்தது. இரண்டு தரப்புப் பேரேட்டிலும் ஒரே நாளில் சைபர்.

1910-ல் அவரை நாபாவில் இருந்த மனநல மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1916 ஜூன் 23 அன்று அங்கேயே இறந்தார். மருத்துவமனை மைதானத்தில் பெயர்க்கல் இல்லாமல் புதைத்தார்கள். இரண்டு மாதம் கழித்து, ஆகஸ்ட் 25 அன்று, அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கென்றே தனித்துறை அமைக்கும் சட்டம் வந்தது. யோசெமிட்டியில் ஒரு மலைக்கு மட்டும் அவர் உயிரோடு இருந்தபோதே வாட்கின்ஸ் மலை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

நெகட்டிவ்கள் எரிந்தாலும், விற்றுப்போன பிரிண்ட்கள் பல ஊர்களில் பிழைத்துக் கிடந்தன. 2011-ல் அவருடைய பெரிய அளவுப் படங்களுக்கு மட்டும் ஒரு முழுப் பட்டியல் புத்தகமாக வந்தது, 1,270-க்கும் மேல் தேறின. டேபர் பெயரில் விற்ற பிரிண்ட்களும் இப்போது அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. படத்தின் அடியில் அச்சான டேபர் பெயரை அழிக்க முடியாது. பக்கத்து அட்டையில் தனியாக எழுதி வைக்கிறார்கள்: எடுத்தவர் வாட்கின்ஸ், பிரிண்ட் போட்டவர் டேபர் என்று.