குபானியும் தக்காணத்து விருந்தும்

குளிர் மிகுந்த மலைநாடுகளில் விளையும் குபானி என்னும் ஆப்ரிகாட் பழம், வெயில் காயும் தக்காணத்தில், ஹைதராபாத் முழுவதிலும், கல்யாண விருந்துக்கும் ரமலான் பெருநாளுக்கும் உரிய மதுர பதார்த்தமாக விளங்குவது அந்நகரின் சரித்திரத்தோடு பிணைந்த செய்தியாகும்.

1687-இல் ஔரங்கசீப்பின் சேனை கோல்கொண்டாவை முற்றுகையிட்டபோது உயிர்நீத்த கிலிச் கான், சமர்க்கந்துப் பிரதேசத்திலிருந்து வந்தவர். அவருடைய பேரர் நிஜாம்-உல்-முல்க் 1724-இல் நிறுவிய ஹைதராபாத் ராஜ்யத்தில், பாரசீக, மொகலாய, தெலுங்குப் பாகமுறைகள் ஒன்றோடொன்று கலந்து வளர்ந்தன. உலர்ந்த நிலையில் நெடுந்தூரம் கெடாமல் வரக்கூடிய குபானிக்கு அச்சமையலில் நிலையான இடம் கிடைத்தது.

இரவெல்லாம் நீரில் ஊறி மிருதுவான பழத்தைக் கொட்டை நீக்கி, ஊறிய நீரிலேயே இளந்தீயில் குழைய வேகவைத்து, பழம் மசிந்த பின்னரே சர்க்கரை சேர்ப்பர். கொட்டையை உடைத்தெடுத்த வெண்பருப்பை மேலே தூவிப் பாலேட்டுடன் பரிமாறுவர். பழத்தில் எதையும் வீணாக்காத இச்சிக்கனமும், அந்நியக் கனியைத் தன் பண்டிகைக்கு உரியதாக்கிக்கொண்ட பெருந்தன்மையும், அந்நகரத்தார் பேணிக் காக்க வேண்டிய உயர்ந்த கலாசாரச் செல்வங்கள்.