கஞ்சித் தொட்டியும் ஒரு கூரையும்



வடசென்னையின் மூத்தவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்றே அழைப்பர். அது ஏதோ கேலிப்பெயர் என்று இளமையில் எண்ணியிருந்தேன். அதன் பின்னால் ஒரு பஞ்சம் நிற்கிறது என்பதைப் பிற்பாடுதான் அறிந்துகொண்டேன்.

1780-ஆம் ஆண்டு ஹைதர் அலியின் படை ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியது. போரில் கிராமங்கள் பாழாயின, உழவும் நின்றது. பிழைக்க வழியற்ற மக்கள் சென்னைப் பட்டணத்தை நோக்கி வந்தார்கள். பட்டணத்திலோ உணவுப் பஞ்சம். 1782-இல் நகர மதிலுக்கு வடபுறத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றும் இடம் ஒன்று ஏற்பட்டது. ஊர்த் தலைவருக்குரிய மணியக்காரர் என்னும் பதவிப்பெயரே அதற்கும் பெயராகி, மணியக்காரர் சத்திரம் என்று நிலைத்தது.

நான் வியப்பது கஞ்சியைக் குறித்து அன்று. பஞ்சகாலத்தில் கஞ்சி ஊற்றுவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. பஞ்சம் தணிந்த பின்னும் அந்தச் சத்திரத்தை மூடவில்லையே, அதுதான் என்னை நிறுத்துகிறது. முதியோரும் நோயுற்றோரும் கவனிப்பார் அற்றோரும் அங்கே அடைக்கலம் பெற்றனர். 1799-இல் ஜான் அண்டர்வுட் என்னும் மருத்துவர் அவ்விடத்தில் நோயாளிகளுக்கு மருத்துவமனை தொடங்கினார். இன்றைய ஸ்டான்லியின் வேர் அங்கே இருக்கிறது. ஒருவேளைப் பசிக்கென வைத்த அடுப்பு, படுக்க இடமும் காயத்துக்கு மருந்தும் தேடிக்கொண்டது. சத்திரமோ முதியோர் இல்லமாக நம் காலம் வரையில் தொடர்ந்துவந்திருக்கிறது.

நாமோ பெரும்பாலும் அடுப்போடு நின்றுவிடுகிறோம். கிறிஸ்மஸ் நாளில் பிரியாணிப் பொட்டலம், மார்கழியில் போர்வை. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் போர்வை பெற்றவர் அடுத்த மழையில் எங்கே ஒதுங்குவார்? ஏசாயா 58-ஆம் அதிகாரத்தில், பசித்தவரோடு அப்பத்தைப் பகிர்வதைச் சொன்ன அதே மூச்சில், ஒதுங்க இடமற்றவரை வீட்டில் ஏற்பதையும் தீர்க்கதரிசி சொல்கிறார். முதல் பாதியை நாம் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம்.

தெருவில் வாழ்பவருக்கு முகவரி இல்லை. முகவரி இல்லாததால் அட்டை கிடைப்பது அரிது. அட்டை இல்லாததால் ரேஷனும் உதவித்தொகையும் எட்டுவதில்லை. ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் வழிகாட்டியது. சென்னை மாநகராட்சியும் காப்பகங்களை நடத்துகிறது. 1913 என்ற எண்ணில் மாநகராட்சியை அழைத்துக் கேட்கலாம். அழைத்தபின் வீட்டுக்குள் போய்விடாதீர்கள். காப்பகத்து ஆட்கள் வரும்வரை அருகே இருங்கள், உடன் போய்வாருங்கள், மறுவாரமும் போய்ப் பாருங்கள். எல்லாவற்றிற்கும் முன்பாக, பெயரைக் கேளுங்கள். அந்நியர் அழைத்தால் வர மறுப்பவர், தம் பெயரறிந்தவர் அழைத்தால் சில வேளைகளில் எழுந்து வருவார்.

இதை எழுத எனக்குத் தகுதி உண்டா என்று தயங்கினேன். நம் ஆலயத்து முன்மண்டபத்தில் ஒரு பெரியவர் இரவுதோறும் படுத்திருந்ததை நீங்கள் அறிவீர்கள். அசுத்தமாகிறது என்று முறையீடு வந்தபோது, இரும்புக் கதவு போடும் தீர்மானத்தில் முதல் கையொப்பம் இட்டவன் நானே. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அவரைக் கடந்து பீடத்துக்குப் போயிருக்கிறேன். அவர் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. கதவு போட்ட பிறகு அவரை அத்தெருவில் நான் காணவில்லை.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைக் கமிட்டி கூடுகிறது. பழைய ஞாயிறு பள்ளி அறை மூன்று ஆண்டுகளாகப் பூட்டியே கிடக்கிறது. அதன் சாவியை மேசைமேல் வைத்துப் பேசப்போகிறேன். மறுப்புள்ளவர்களும் தவறாமல் வாருங்கள்.