சாங்கிச் சிறையில் தைத்த போர்வைகள்

தானம் என்றால் உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுப்பது என்றுதான் நாம் படித்திருக்கிறோம். ஆனால் ஒன்றுமே இல்லாதவர்கள், அதுவும் சிறைக்குள்ளே அடைபட்டுக் கிடந்தவர்கள், வெளியே இருந்த ஆஸ்பத்திரிக்குத் தானம் கொடுத்தார்கள் என்றால் நம்புவீர்களா? கொடுத்தது பணம் அல்ல, அரிசி அல்ல. மூன்று போர்வைகள்! 1942-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்தது இது. நம் வரலாற்றுப் பாடத்தில் இரண்டாம் உலகப் போர் என்றால் ஹிட்லர், ஸ்டாலின்கிராட், ஹிரோஷிமா என்று பத்து மார்க் கேள்விக்கு வேண்டிய அளவு வந்து போகும். போர்வைக்கெல்லாம் அதில் இடம் ஏது?

ஆங்கிலேயர்கள் 'க்வில்ட்' என்று சொல்லும் ரகம் இது. சின்னச் சின்னத் துணித் துண்டுகளை இணைத்து மேல்துணி ஆக்கி, அடியில் வேறு துணி கொடுத்துத் தைப்பார்கள். நம்ம பாட்டிமார் பழைய சேலைகளை நாலைந்து மடிப்பாக அடுக்கி, ஓட்டுத் தையல் போட்டு, பிள்ளைகளுக்கு விரிப்பார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று வைத்துக் கொள்ளுங்கள். வங்காளத்தில் காந்தா என்பார்கள், வட கர்நாடகத்தில் கவுதி என்பார்கள்.

மேல்நாட்டுப் பெண்களுக்கு இதைத் தைத்துத் தானமாக அனுப்பும் பழக்கம் நெடுநாளாக உண்டு. 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயம்பட்ட சிப்பாய்களுக்காக ஊர் ஊராகப் பெண்கள் கூடித் தைத்து அனுப்பினார்கள். இரண்டாம் உலகப் போரில் கனடா நாட்டுப் பெண்கள் செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் பிரிட்டனுக்கு அனுப்பிய போர்வைகள் சுமார் 4 லட்சம் இருக்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். குண்டுவீச்சில் வீடிழந்த குடும்பங்களுக்கு அவை போய்ச் சேர்ந்தன. எல்லாம் சரி, அவர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து, அடுப்பில் கெட்டிலை வைத்துவிட்டுத் தைத்தவர்கள். சிங்கப்பூர்க் கதை வேறு.

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. அசைக்கவே முடியாத கோட்டை என்று பெயர் வாங்கிய ஊர்! ராணுவத்தினரைப் போர்க் கைதிகளாக சாங்கிப் பகுதியில் இருந்த முகாம்களுக்குக் கொண்டு போனார்கள். அதன் பிறகு ஐரோப்பிய சிவிலியன்களின் முறை. மார்ச் 8-ஆம் தேதி சுமார் 400 பெண்களும் குழந்தைகளும் கத்தோங்கிலிருந்து சாங்கிச் சிறை வரை வெயிலில் நடந்தே போனார்கள். ஏறத்தாழ 14 கிலோமீட்டர். மெம்சாகிப் என்று கூப்பிட வேலைக்காரர்கள் சூழ இருந்தவர்கள், கையில் எடுக்க முடிந்த மூட்டையோடு நடந்தார்கள். 600 கைதிகளுக்காகக் கட்டிய சிறையில் ஆணும் பெண்ணுமாக இரண்டாயிரத்துக்கும் மேல் அடைத்தார்கள்.

ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவே பேச்சு வார்த்தை கூடாது. பல பெண்களின் கணவன்மார் ராணுவ முகாமில் இருந்தார்கள். சிலருடைய கணவர் அதே சிறையின் அடுத்த பகுதியில்தான் இருந்தார். இருந்தும் என்ன? அவர் உயிரோடு இருக்கிறாரா என்று இவளுக்குத் தெரியாது. இவள் கப்பலேறித் தப்பித்தாளா, கடலில் மூழ்கினாளா என்று அவருக்குத் தெரியாது. கடிதம் எழுதத் தடை. பட்டினியைக்கூடப் பொறுத்துக் கொள்ளலாம், இதைப் பொறுப்பது எப்படி?

இந்த இடத்தில்தான் எத்தெல் மல்வனி என்ற பெண்மணி வருகிறார். கனடாவில் ஒன்டாரியோ மாநிலத்து மனிடூலின் தீவைச் சேர்ந்தவர். முகாமில் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதி. சும்மா இருக்கத் தெரியாத ஆள்! அவர் சொன்ன யோசனை இதுதான்: ஆஸ்பத்திரியில் காயத்தோடு கிடக்கும் சிப்பாய்களுக்குப் போர்வை தைத்துக் கொடுப்போம். காவலுக்கு இருந்தவர்களிடம் போய், பெண்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், நோயாளிகளுக்கு ஏதாவது தைக்கிறோம் என்றால் யார் மறுப்பார்கள்? அனுமதி கிடைத்தது.

விருப்பப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் 6 அங்குலச் சதுரத்தில் ஒரு வெள்ளைப் பருத்தித் துணி. அதில் உன்னைப் பற்றி ஏதாவது ஒன்றை எம்பிராய்டரி செய், உன் பெயரையும் தைத்துவிடு என்பதுதான் நிபந்தனை. ஒரு போர்வைக்கு 66 சதுரம். மூன்று போர்வைக்கு 198. பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு ஒன்று, ஆஸ்திரேலியச் சிப்பாய்களுக்கு ஒன்று. மூன்றாவது யாருக்கு என்கிறீர்கள்? காயம்பட்ட ஜப்பானியச் சிப்பாய்களுக்கு!

பெயரைத் தைக்கச் சொன்னதில்தான் சூட்சுமம் முழுக்க இருக்கிறது. போர்வை ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒரு நோயாளி அதைப் பார்ப்பான், பக்கத்துக் கட்டில்காரனிடம் காட்டுவான். குணமாகித் தன் முகாமுக்குத் திரும்பும்போது, "இன்னாருடைய சம்சாரம் பெயர் அதில் இருந்தது" என்று சொல்வான். அவ்வளவு போதும். அவள் உயிரோடு இருக்கிறாள், ஊசி பிடிக்கும் அளவுக்குத் தெம்போடு இருக்கிறாள்! கல்லூரியின் கடைசி நாளில் நாம் ஆட்டோகிராப் நோட்டை நீட்டி ஆளுக்கொரு பக்கம் எழுதி வாங்கினோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். என்ன, நமக்கு விலாசம் எழுத இடம் இருந்தது.

வெறும் பெயரோடு நிற்காமல் மேலேயும் சொன்னவர்கள் உண்டு. ஒரு தாய் நீல ரிப்பன் கட்டிய ஒரு குட்டி முயலைத் தைத்தாள். ஆங்கிலேயர் வழக்கத்தில் நீலம் ஆண் குழந்தைக்கு. நமக்குப் பையன் பிறந்திருக்கிறான் என்று கணவனுக்குச் சேதி! காவல்காரனுக்கு அது முயல், அப்பனுக்கு அது பிள்ளை. இன்னொருத்தி சிறையைத் தைத்து, அதற்கு சாங்கி விடுமுறை இல்லம் என்று பெயரும் சூட்டினாள். அந்த நிலைமையிலும் கிண்டல் போகவில்லை பாருங்கள். ஊருக்குத் திரும்பும் கப்பலைத் தைத்தவர்கள் உண்டு, சொந்த ஊர்த் தோட்டத்துப் பூக்களைத் தைத்தவர்கள் உண்டு. இன்னும் எத்தனை காலம் ஆண்டவரே என்று கேள்வியையே தைத்தவளும் உண்டு.

ஜப்பானியப் போர்வையில் இந்தக் குறும்பு எதுவும் கிடையாது. பெரும்பாலும் பூக்கள், பார்க்க அழகான காட்சிகள். மற்ற இரண்டையும் வெளியே அனுப்ப அனுமதி வாங்குவதற்கான தந்திரம்தான் இது என்று பலர் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தந்திரத்துக்கு என்றால் ஏனோதானோவென்று தைத்துத் தள்ளியிருக்கலாமே? அதிலும் 66 சதுரங்கள், அதே பொறுமையான தையல். ஊசி பிடித்தவர்கள் எல்லோரும் தந்திரத்துக்காகத்தான் பிடித்தார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

அதே சிறையில் சிறுமிகள் தைத்த போர்வை ஒன்றும் உண்டு. 8 வயது முதல் 16 வயது வரையுள்ள சுமார் 20 பெண்பிள்ளைகள் உள்ளேயே கேர்ல் கைட்ஸ் படை நடத்தினார்கள். அதன் தலைவி எலிசபெத் என்னிஸ், தொழிலால் நர்ஸ். சிங்கப்பூர் விழுவதற்குச் சில நாள் முன்புதான் கல்யாணம் ஆனவர்! அவருடைய பிறந்தநாளுக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் கிடைத்த துணித் துண்டுகளை அறுகோணமாக வெட்டி, பழைய துணியிலிருந்து நூல் பிரித்துத் தைத்தார்கள். அது இப்போது லண்டன் இம்பீரியல் வார் மியூசியத்தில் இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. அதே 1942-இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடத் தொடங்கினார்கள். சாங்கியிலிருந்தும் போர்க் கைதிகளை ஆயிரக்கணக்கில் அங்கே அனுப்பினார்கள். பாதை போட்ட சுமார் 60,000 போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களுக்குக் கல்லறை உண்டு, கல்லில் பெயர் உண்டு. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டு போன நம் தமிழ்த் தொழிலாளிகள் எத்தனையோ ஆயிரம் பேர் அதே பாதையில் செத்தார்கள். அவர்களில் பெரும்பாலானவர்களின் பெயரை யாரும் எந்தக் காகிதத்திலும் எழுதி வைக்கவில்லை, எந்தத் துணியிலும் தைத்து வைக்கவில்லை. வரலாறு படிக்கும் இன்றைய மாணவர்கள் யாராவது அந்தப் பக்கம் திரும்பினால் வேலை நிறைய இருக்கிறது.

சிறைக்கு மீண்டும் வருவோம். 1943 அக்டோபர் 10 அன்று ஜப்பானிய ராணுவப் போலீஸ் சிறைக்குள் புகுந்து சோதனை போட்டது. சிங்கப்பூர்த் துறைமுகத்தில் கப்பல்கள் தகர்க்கப்பட்டதற்கு இங்கிருந்துதான் தகவல் போயிருக்கும் என்று சந்தேகம். 57 பேரை இழுத்துப் போனார்கள். சித்திரவதையில் 15 பேர் இறந்தார்கள். பிடித்துப் போனவர்களில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் ஒருவர். சத்துக்குறைவால் குழந்தைகளுக்கு வரும் குவாஷியார்க்கர் நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னவர் அவர்தான். அதற்கு முந்தைய வருஷமே மூன்று போர்வைகளும் முடிந்திருந்தன. ஒரு வருஷம் தள்ளிப் போயிருந்தால் அந்த நீல ரிப்பன் முயலே விசாரணைக்குக் காரணமாகியிருக்கும்!

1944 மே மாதம் எல்லோரையும் சைம் ரோடு முகாமுக்கு மாற்றினார்கள். விடுதலை 1945 செப்டம்பரில். மல்வனி அம்மையார் ஊர் திரும்பியும் சும்மா இருக்கவில்லை. சிறையில் பசி தாங்காமல் பெண்கள் வாய்ப்பேச்சாகவே விருந்து சமைத்துக் கொண்டிருந்ததைக் குறித்து வைத்திருந்தார். அந்தச் சமையல் குறிப்புகளைப் புத்தகமாக அச்சிட்டு விற்று, கிடைத்த பணத்தில் இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் இன்னும் படுக்கையில் கிடந்த முன்னாள் கைதிகளுக்கு ஆரஞ்சுப் பழமும் தேயிலையும் அனுப்பி வைத்தார்.

பிரிட்டிஷ் போர்வை இப்போது பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது. ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் கான்பெராவில், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில், ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஆஸ்திரேலியப் போர்வையின் பின்பக்கத்தில் நூலால் எழுதிய ஒரு குறிப்பு உண்டு. காயம்பட்டவர்களின் வேதனைக்கு எங்கள் அனுதாபம் என்றும், சண்டை ஓய்ந்த பிறகு இதை ஆஸ்திரேலியச் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் விருப்பம் என்றும் தைத்திருக்கிறார்கள். சண்டை என்றைக்கு ஓயும் என்று யாருக்கும் தெரியாத 1942-இல் எழுதியது இது. அதற்கும் கீழே கடைசியாக இன்னும் ஒரு வரி: இந்தப் போர்வையைத் தண்ணீரில் போடாமல் டிரை கிளீனிங் செய்வது நல்லது!