‘வைஃப்’ என்றால் பெண்

‘வைஃப்’ என்றால் மனைவி என்று பள்ளியில் படித்தோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் அது ‘வீஃப்’. மனைவியையும் குறித்தது, ஆனால் முதற்பொருள் பெண் என்பதே. இலக்கணத்திலோ அச்சொல் ஆண்பாலிலும் சேரவில்லை, பெண்பாலிலும் சேரவில்லை. அதன் ஜெர்மன் உறவுச்சொல்லான ‘வைப்’ இன்றும் அப்படித்தான். ஒருகாலத்தில் எல்லாப் பெண்களுக்கும் பொதுவாக இருந்த ‘வைப்’ இன்று ஏளனச் சொல். சீமாட்டியைக் குறித்த ‘ஃப்ராவ்’ அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆங்கிலத்தில் பழைய பொருளைக் காத்து வைத்திருப்பவை தொழிற்பெயர்கள். ‘மிட்’ என்றால் உடன். ‘மிட்வைஃப்’ பேறுகாலத்தில் உடனிருக்கும் பெண். ‘ஃபிஷ்வைஃப்’ மீன் விற்கும் பெண். இவர்கள் யாருடைய மனைவி என்று அந்தச் சொற்கள் கேட்பதில்லை.

‘வுமன்’ என்ற சொல்லுக்குள்ளும் ‘வீஃப்’ ஒளிந்திருக்கிறது. அன்று ‘மன்’ என்பது மனிதர் அனைவருக்கும் பொது. ஆணைத் தனியே சுட்ட ‘வாப்னெட்மன்’, அதாவது ஆயுதம் உடைய மனிதர். பெண்ணைச் சுட்ட ‘வீஃப்மன்’. காலப்போக்கில் ஆண் தன் அடைமொழியை உதறிவிட்டுப் பொதுச்சொல்லையே தனதாக்கிக்கொண்டான். ‘வீஃப்மன்’ தேய்ந்து ‘வுமன்’ ஆனது. அடைமொழி மட்டும் போகவில்லை.

மேடையில் என்னைப் ‘பெண் கவிஞர்’ என்று அழைக்கும்போதெல்லாம் இந்த வரலாறு நினைவுக்கு வருகிறது. பக்கத்தில் அமர்ந்திருப்பவர் வெறும் ‘கவிஞர்’.