சிலேடையில் பிறந்த இசைக்குழு

விரும்பிய பாடகர் வாராத ஊரில், அவரைப்போற் பாடுவோரை நாடிச் செல்லுதல் வெளியூர்வாசிகளாகிய நாம் அறிந்ததே. ஆஸ்திரேலியரும் அவ்வாறே. சுவீடனின் அபா இசைக்குழு அங்கே 1977-இல் வந்து பாடியது, 1982-இல் ஓய்ந்துவிட்டது. ஏக்கம் ஓயவில்லை.

1988-இல் மெல்போர்னில் ஒரு குழுவினர் அப்பாடல்களையே பாடக் கிளம்பினர். 'பியார்ன் அகெய்ன்' என்பது அவர்கள் சூட்டிக்கொண்ட பெயர். அபாவின் பியார்னும், மறுபிறவியைச் சுட்டும் 'பார்ன் அகெய்ன்' என்னும் ஆங்கிலத் தொடரும் அதில் கலந்துள்ளன. நல்ல சிலேடை! நகலென்று பெயரிலேயே நகைத்து ஒப்புக்கொள்பவரைக் களவாடினரென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

1992-இல் 'இரேஷர்' என்னும் பிரிட்டிஷ் இருவர் அபா பாடல்களைப் பாடி, அபாவையொத்தது என்னும் பொருளில் 'அபா-எஸ்க்' என வெளியிட்டனர். பியார்ன் அகெய்ன் குழுவினர் விடுவார்களா? அவ்விருவரின் பாடல்களைத் தாம் பாடி, 'இரேஷர்-இஷ்' என்று இசைத்தட்டு வெளியிட்டனர்.