அறுபட்ட கண்ணி: மூவாரின் போர்க்காலப் பஞ்சமும் இன்றைய உணவு வழங்கலின் இணையப் பாதுகாப்பும்

முன்னுரை

திருக்குறளின் 'உழவு' அதிகாரம், நீர் பாய்ச்சுதலைக் காட்டிலும் பயிரைக் காத்தலை மேலானதாக வைக்கிறது. விளைந்த பொருள் உண்போர் கைக்கு வந்து சேரும் வழியைக் காத்தலும் அக்காவலுள் அடங்கும் எனக் கொள்ளலாம். இன்று அவ்வழியின் பெரும்பகுதி கணினி வலையமைப்பைச் சார்ந்துள்ளது. அவ்வலையமைப்பு தாக்குண்டால் நேரக்கூடியதை விளங்கிக்கொள்ள, மூவார் வட்டாரத்தின் போர்க்கால வரலாறு நமக்குத் துணைபுரிகிறது.

நெல் இருந்தது, வழி இல்லை

இரண்டாம் உலகப் போருக்கு முன்னர், மலாயா தான் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து தருவித்தது. மூவார் வட்டாரமோ இரப்பரால் வளர்ந்தது. லனாட்ரோன் போன்ற தோட்டங்களில் பால்வெட்டிய தமிழர்கள், தாம் விளைவிக்காத அரிசியைக் கூலியைக் கொண்டு உண்டனர். இரப்பர் கப்பலேறிச் செல்லும். அரிசி கப்பலேறி வரும். இவ்விரண்டும் நிகழும்வரை குறையொன்றும் வெளிப்படவில்லை.

1942 சனவரி 15ஆம் நாள் இரவில் சப்பானியப் படையினர் மூவார் ஆற்றைக் கடந்தனர். மறுநாள் நகரம் வீழ்ந்தது. மார்ச்சு மாதத்தில் இரங்கூனும் வீழ்ந்தது. இங்குக் கருதத்தக்க உண்மை ஒன்றுண்டு. அரிசி விளைந்த பர்மா, அரிசி விளைந்த சயாம், அரிசி உண்ட மலாயா ஆகிய மூன்றும் அப்போது சப்பானியரின் ஆதிக்க வட்டத்துக்குள்ளேயே இருந்தன. ஆயினும் மலாயாவில் பட்டினி பரவியது. பர்மாவில் விற்பனையாகாத நெல் தேங்கியது; விளைநிலப் பரப்பும் சுருங்கியது. வயல் பொய்க்கவில்லை. கப்பல்களும் வணிக ஏற்பாடுகளுமே இல்லாமற் போயின.

அதன் விளைவை முதலில் தாங்கியவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். இரப்பருக்குச் சந்தை இல்லை; ஆகவே கூலி இல்லை. மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் அன்றாட உணவாயின. தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் சயாம் – பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர், பெருந்தொகையினர் மீளவில்லை.

புதிய கண்ணி

இன்றைய கண்ணி கப்பல் மட்டுமன்று. செம்பனை ஆலையின் எடைமேடை, துறைமுகத்தின் சரக்குப் பதிவு, குளிர்பதனக் கிடங்கு, பேரங்காடியின் இருப்புக் கணக்கு ஆகிய யாவும் கணினிவழியே இயங்குகின்றன. 2021 மே மாத இறுதியில், உலகின் மிகப் பெரிய இறைச்சி நிறுவனமான சேபிஎசு மீது நிகழ்ந்த இணையத் தாக்குதலால் அமெரிக்கா, கனடா, ஆத்திரேலியா ஆகிய நாடுகளில் அதன் ஆலைப் பணிகள் தடைப்பட்டன. அந்நிறுவனம் 11 மில்லியன் அமெரிக்க டாலரைப் பிணைத்தொகையாகச் செலுத்தியது. அதே ஆண்டு செப்டம்பரில், அயோவா மாநிலத்தின் நியூ கோஆப்பரேட்டிவ் என்னும் உழவர் கூட்டுறவு அமைப்பு, அறுவடைக் காலத்தில் தாக்குண்டு தன் கணினிகளை நிறுத்தி வைத்தது. 2025 சூன் மாதத்தில், யுனைட்டெட் நேச்சுரல் ஃபுட்ஸ் என்னும் பெரும் மொத்த வழங்கல் நிறுவனம் தாக்குண்டபோது, அமெரிக்கக் கடைகள் பலவற்றில் அடுக்குகள் காலியாயின. இவற்றுள் எந்த நிகழ்விலும் விளைச்சல் குன்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

போர்க்காலப் பஞ்சம் ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இவை பெரும்பாலும் சில நாட்களில் அல்லது வாரங்களில் சீரடைந்தன. எனவே இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. எனினும் இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: மாற்றுவழி இல்லாத ஒற்றைக் கண்ணியை நம்பியிருத்தல்.

சட்டமும் அதன் எல்லையும்

மலேசியாவின் இணையப் பாதுகாப்புச் சட்டம் 2024, அவ்வாண்டு ஆகத்து 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அது வரையறுத்த 11 முக்கியத் துறைகளுள் வேளாண்மையும் தோட்டத் துறையும் ஒன்றாகும். அச்சட்டத்தின்கீழ், முக்கியத் தகவல் கட்டமைப்பின் உரிமையாளராக அறிவிக்கப்படும் அமைப்புகள் ஆண்டுக்கு ஒருமுறை இடர் மதிப்பீடும், ஈராண்டுக்கு ஒருமுறையேனும் தணிக்கையும் செய்தல் வேண்டும். ஆயின் அவ்வாறு அறிவிக்கப்படாத சிறு ஆலைகளையும் சிறுதோட்டக்காரர்களையும் இக்கடமைகள் சாரா. அவர்களும் அதே சங்கிலியின் கண்ணிகளே.

முடிவுரை

கணினியைக் கைவிடுதல் நம் கருத்தன்று. அது நின்றுபோகும் நாளுக்கும் ஒரு வழி இருத்தல் வேண்டும் என்பதே கருத்து. தரவின் நகலை வலையமைப்புக்கு வெளியே தனித்து வைத்தல், எடையையும் வரவையும் கையால் எழுதிக் கணக்கிடும் பயிற்சியை விடாதிருத்தல், ஒரே வழங்குநரைச் சாராதிருத்தல் ஆகியன எளிய காவல்களாகும். தோட்டத்துக் கிராணியாரின் பேரேடு ஒருகாலத்தில் இப்பணியைச் செய்தது. மரவள்ளிக் காலத்தை நேரில் கண்டோர் மூவாரில் மிகச் சிலரே எஞ்சியிருப்பர். அவர்தம் நினைவுகளைப் பதிவுசெய்து வகுப்பறைக்குக் கொணர்வது தமிழாசிரியர்களாகிய நம் கடமை. சங்கிலி அறுந்த நாளில் முதலில் பசித்தவர்கள் யார் என்பதை அப்பதிவுகளே அடுத்த தலைமுறைக்கு உணர்த்தும்.